கோழிக்குக் கண் பட்டதா?

கேள்வி: நேற்று மாலை வரை துறுதுறுவென்று மேய்ந்த பெட்டைக்கோழி, விடிந்து பார்த்தால் கூண்டில் செத்துக் கிடக்கிறது. உடம்பில் ஒரு காயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்தான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கண் பட்டுச் சாகும் என்றால், ஓட்டு மேல் ஏறி ஊரையே கூவி அழைக்கும் சேவலல்லவா முதலில் போயிருக்க வேண்டும்! பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்.

கோழி நன்றாகக் கொழுத்திருந்ததா? சோறும் குருணையும் அள்ளிப் போட்டு வளர்த்த பெட்டைக்கு ஈரலில் கொழுப்பு ஏறும். முட்டையிடும் பருவத்தில், அதுவும் கோடை வெயிலில், அந்த ஈரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிவிடும். கொண்டை வெளுத்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். பாசத்தைக் குறைக்க வேண்டாம். குருணையைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள்.

ஆனால் மற்ற கோழிகளும் தூங்கி வழிந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டால் கோழிக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கேட் நோய் என்பதும் இதுதான். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, இவைதான் காப்பு.

செத்ததைக் குழம்பு வைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும். முடியாவிட்டால் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். குப்பைமேட்டில் வீசினால், நாய் இழுத்துப்போய் அந்தப் பக்கத்து வீட்டுக் கோழிக்கும் நோயைக் கொடுத்துவிடும்.