உள்வலிமை போதவில்லையாம்

சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் காலை ஆறரைக்கே சிலர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். "ஷ்யூர் சார், இன்னிக்கு ஈஓடிக்குள்ள முடிச்சிடறேன் சார்." பொழுது விடியும்போதே அது எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்ட ஞானிகள்.

இவர்களுக்கு என்ன குறை? உள்வலிமைதான் குறை. நான் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். புனேயில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழும நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில் 26 வயதுப் பெண் ஆடிட்டர் ஒருவர் இறந்துபோயிருந்தார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று தாய் எழுதிய கடிதத்தை நாடே படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அழுத்தத்தைத் தாங்க வீட்டில் சொல்லித்தர வேண்டும், அதற்கான உள்வலிமை இறைநம்பிக்கையால் வரும் என்றார் அமைச்சர். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் வந்தது. சரி, குறை சொல்லவில்லை. ஆடிட் கெடுவைத் தள்ளிப்போட முடியாது, அம்மாவின் வளர்ப்பைத்தான் திருத்த வேண்டும், அவ்வளவுதானே?

இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் தொழிலாளர் துறை அங்கே எட்டிப் பார்த்தது. வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் மாநிலச் சட்டத்தின்கீழ் 2007 முதல் அந்த அலுவலகத்துக்குப் பதிவே இல்லை என்றார் அதிகாரி. 2024 பிப்ரவரியில்தான் மனுப் போட்டார்களாம். ஒரு மனுவை எழுத 17 வருஷம் எடுத்துக்கொண்டவர்களின் இடத்தில்தான் அந்தப் பெண் ராத்திரியெல்லாம் கணக்குப் பார்த்தாள்.

வாரத்துக்கு 90 மணி நேரம் உழையுங்கள், வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் கேட்டது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. 2023-24இல் அவர் வாங்கியது 51 கோடி ரூபாய். அங்குள்ள ஊழியரின் இடைநிலைச் சம்பளத்தைப்போல் 534 மடங்கு. அந்தச் சம்பளம் தந்தால் நான் ஏரிக்கரையிலேயே குடியிருந்து கொசுக்களுக்கும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்புவேன்.

அழுத்தத்தில் பிரமாதமாக வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று வாபஸ். மொத்தம் பத்து நாள். எந்தத் தியானமும் இல்லை, அம்மாவைக் கூப்பிட்டு யாரும் வளர்ப்பை விசாரிக்கவுமில்லை. அப்ரைசலில் ஐந்துக்கு ஐந்து போடலாம்.