எழுத்து ஏன் மங்குகிறது?

கேள்வி: இணையப் பக்கத்தில், படத்தின் மேலுள்ள கறுப்புப் பெட்டிக்கு 'ஒபாசிட்டி' 0.5 கொடுத்தேன். உள்ளே இருந்த வெள்ளை எழுத்தும் மங்கிவிட்டதே?

பதில்: ஒபாசிட்டி அந்தக்காலத்துக் குடும்பத் தலைவர். அவர் விரதமென்றால் வீடே பட்டினி! எழுத்துக்குத் தனியாக 1 கொடுத்தாலும் தப்பாது.

ஒபாசிட்டியை எடுத்துவிட்டு, பெட்டியின் பின்னணி நிறத்தை மட்டும் ஆர்ஜிபிஏ முறையில் 0, 0, 0, 0.5 என்று எழுதுங்கள். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். நான்காவதுதான் ஒளிபுகாத அளவு. எழுத்து பளிச்சென்று நிற்கும்.

அதோடு விடாதீர்கள். அடியிலுள்ள படம் வெள்ளை வானமாக இருந்தால் பெட்டி நடுச்சாம்பலாகிவிடும். வெள்ளை எழுத்தோடு அதன் ஒளி வேறுபாடு 4:1-ஐக்கூட எட்டாது. சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் நெறிமுறை கேட்பதோ 4.5:1. அந்த 0.5-ஐ 0.6 ஆக்குங்கள், 5.7:1 கிடைக்கும். பார்வை குறைந்தவர்களும் உங்கள் வாசகர்கள்தானே, அவசியம் செய்யுங்கள்.