மாப்பிள்ளைக்கு மோட்டார் முளைச்சிருக்கு

வாங்க மாப்ள, வாங்க. வண்டிய அந்த வேப்பமரத்து நெழல்ல நிறுத்துங்க. வாசல்ல விட்டா கோழி ஏறி உக்காந்துக்கிரும். இந்த வீட்டுக்கு வர்ற புதுச் சாமானெல்லாம் தனக்குன்னு அதுக்கு ஒரு நெனப்பு.

அடேங்கப்பா, எலக்ட்ரிக் சைக்கிளா! என்னா மினுமினுப்பு! ஹேண்டில்பார் நடுவுல டிவி வேற. அஞ்சு லெவலு, செல்போன்ல ஆப்பு, ஒருக்காச் சார்ஜ் ஏத்துனா 30 கிலோமீட்டரு... நீங்க சொல்லச் சொல்ல என் மக மொகத்துல பெருமை தாங்கல. எல்லாஞ் சரி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிரக் கூடாது. ஓட்டுறதுக்குக் கடைக்காரரு சொல்லிக் குடுத்தாருன்னீங்க. நிப்பாட்டுறதுக்குச் சொல்லிக் குடுத்தாரா?

சொல்லலையா. அதான பாத்தேன். விக்கிறவருக்கு வண்டி கடைய விட்டுப் போனாப் போதும்ல.

எனக்குப் படிப்பு கம்மி. ஆனா ஒரு காலத்துல மேலூர் ரோட்டுல வாடகைச் சைக்கிள் கடை போட்டிருந்தவன். ராலே, ஹெர்குலிஸ்னு வரிசையா நிப்பாட்டி, மட்காடுல நம்பர் எழுதி, மணிக் கணக்குக்கு விடுவேன். எந்தப் பய முட்டியப் பேத்துக்கிட்டு வருவான், எந்தப் பய வீல கோணலாக்கிக் கொண்டாருவான்னு அவன் வண்டியில ஏறுற தினுசப் பாத்தே சொல்லிப்புடுவேன். இப்ப நீங்க தெருமொனையில ஏறினதையும் இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

எப்பிடி ஏறுனீக? எடது காலப் பெடல்ல வச்சு, வலது காலால தரையில ரெண்டு தட்டுத் தட்டி, ஓடுற வண்டியில காலத் தூக்கிப் போட்டு ஏறுனீக. நம்ம ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் ஏறுவோம். தபால்காரர் ஏறுனாரு, பால்காரர் ஏறுனாரு, வாத்தியாரு வேட்டிய மடிச்சுக்கட்டி ஏறுனாரு. அந்த வண்டிக்கெல்லாம் ஏறுறவன் காலு ஒண்ணுதான் எசமான். இந்த வண்டிக்குள்ள மோட்டாருன்னு இன்னொருத்தன் உக்காந்திருக்கான், மாப்ள. பெடலு சுத்துறதப் பாத்து அவன் தள்ளுறது ஒரு ரகம். பெடல எம்புட்டு அமுத்துறோம்னு பாத்துத் தள்ளுறது இன்னொரு ரகம். நீங்க அரைக்கால்ல தொங்கிக்கிட்டு ஏறும்போது, "அய்யா கெளம்பிட்டாரு"ன்னு அவன் இழுத்தான்னு வைங்க. வண்டி முன்னாடி போகும், நீங்க பின்னாடி இருப்பீக. இன்னைக்கு நல்ல வேளை, சுவிச்சப் போட மறந்து வந்திருக்கீக. அதனாலதான் மாமனார் வீட்டுக் காப்பி கெடைச்சிருக்கு.

இது சைக்கிள் வேசம் கட்டுன மோட்டாரு. வேசத்தப் பாத்து மொதல்ல ஏமாறுறது ஒங்க காலுதான். அதனால ஏறும்போது நின்ன வண்டியில ஏறணும். காலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஒரு கால நல்லாத் தரையில ஊணி, ரெண்டு கையிலயும் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு, அப்பறமாச் சுவிச்சு. எறங்கும்போது மொதல்ல சுவிச்ச அமத்துங்க, அப்பறம் எறங்குங்க. உருட்டிக்கிட்டுப் போகும்போது சுவிச்சு ஆன்ல இருக்கவே கூடாது. ஏன்னா வலது கைப்பிடியில ஆக்ஸிலேட்டர் வேற இருக்கு. வண்டி சாயுதேன்னு நீங்க கைப்பிடிய இறுக்கிப் பிடிப்பீக. அவனுக்கு அது முடுக்குற மாதிரி. வண்டி எகிறும், நீங்க இன்னும் இறுக்குவீக. வாசல்ல ஒங்க மாமியா காயப்போட்ட வத்தலு வடகமெல்லாம் அப்பறம் யாரு பொறுக்குறது?

இன்னொண்ணு இருக்கு. அவன் கெளம்புறதும் ஒரு நொடி தாமசம், விடுறதும் ஒரு நொடி தாமசம். பெடலு சுத்துறதப் பாத்துத் தள்ளுற ரகத்துல இது கூடுதல். நீங்க காலச் சுத்துறத நிப்பாட்டிட்டீக, அவன் இன்னும் ஒரு உந்து உந்துவான். சந்து திரும்பும்போது அந்த ஒரு உந்துதான் சுவத்துல கொண்டு போயித் தேய்க்கும். அதனால வளைவுல காலு சும்மா இருக்கணும். பெரும்பாலான வண்டியில பிரேக் கம்பிய லேசாத் தொட்டாலே மோட்டாரு அந்து போகும். ஒங்க வண்டியில அந்துதான்னு வண்டிய ஸ்டாண்டுல போட்டு, பின் சக்கரத்தத் தூக்கிச் சுத்த விட்டுப் பாருங்க. அது வேலை செய்யலைன்னா வண்டிய வாங்குன எடத்துலயே கொண்டுபோயி விடுங்க. எனக்கிட்ட கொண்டாராதீங்க, எனக்குப் பஞ்சர்தான் ஒட்டத் தெரியும்.

மொத நாளே மெயின் ரோட்டுக்குப் போறேன்னு சொல்றது யாருக்குத் தெம்பக் காட்டவாம்? மைதானத்துல பழக வெக்கமா? 1991வாக்குல புதுக்கோட்டைப் பக்கம், எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்குல பொம்பளைக சைக்கிள் கத்துக்கிட்டாக. வயக்காட்டுல கூலிக்குப் போறவுக, கல்லுடைக்கிறவுக. ஊரு சிரிச்சுச்சு, அவுக ஓட்டுனாக. நீங்க பாங்கிக்காரரு, சின்னப் பயலுக சிரிப்பானுகன்னு வெக்கப்படுறீக. பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வாங்க. மோட்டார அமத்தி வச்சே பத்து ரவுண்டு மிதிங்க. கனம் தெரியணும்; பேட்டரி, மோட்டாருன்னு சாதாச் சைக்கிளவிட இதுல எடை ஏத்தியிருக்கான். ரெண்டு காலும் ஊணுற அளவுக்கு அன்னைக்கு மட்டும் சீட்ட எறக்கி வைங்க. அதுக்கப்பறம் ஒண்ணாம் லெவலு. நடுவுல செங்கல்ல வச்சுச் சுத்தி வாங்க, கோடு போட்டு அதுல நிப்பாட்டுங்க. ரெண்டு பிரேக்கையும் சேத்து, மெல்ல மெல்லக் கூட்டிப் பிடிக்கணும். முன்பிரேக்க மட்டும் வெடுக்குன்னு பிடிச்சா வண்டி நிக்கும், நீங்க மட்டும் போவீக. அஞ்சாம் லெவல இந்த மாசம் கண்ணால பாத்தாப் போதும்.

ரோட்டுக்கு வந்துட்டா ஏமாறப் போறது ஊரு சனம். யோசிச்சுப் பாருங்க. தொப்பையும் கண்ணாடியுமா ஒருத்தர் சைக்கிள்ல வர்றாரு. குறுக்க போற கெழவி என்ன நெனைப்பா? "இந்த மனுசன் வந்து சேர இன்னும் நேரமிருக்கு"ன்னு நெனச்சு எறங்கிருவா. நீங்க 25 கிலோமீட்டர் வேகத்துல வந்தீகன்னா நொடிக்கு ஏழு மீட்டரு. கெழவியப் பாத்து, மூளைக்கு எட்டி, வெரல் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அந்த ஏழு மீட்டரு காணாமப் போகும். அதுக்கப்பறந்தான் வண்டி நிக்கத் தொடங்கும். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்ச பெறகு ஓடுற தூரம் நாலு மடங்கு. பாங்கியில வட்டி போட்டவருக்கு இந்தக் கணக்குப் புரியாதா! மினிபஸ்காரனும் அதே ஏமாளிதான். "சைக்கிள்தான, நான் முந்தித் திரும்பிருவேன்"னு ஒங்களுக்குக் குறுக்கயே வளைப்பான். அவன் ஒங்களப் பாத்துட்டான்னு நம்பாதீங்க. பாத்தாலும் ஒங்க வேகத்தப் பாத்திருக்க மாட்டான்.

சத்தமும் கெடையாது பாருங்க. நம்ம பழைய வண்டிக வர்றது செயின்காடு அடிக்கிற அடியில ஒரு தெரு முன்னாடியே தெரியும். ஆடு வெலகும், நாயி எந்திரிக்கும். இது பூனையாட்டம் வருது. அதனால பெல்ல முன்கூட்டியே அடிங்க, வெக்கப்படாம அடிங்க. கதிரறுப்பு நேரத்துல ரோட்டுலயே வைக்கோலையும் எள்ளுச் செடியையும் பரப்பி வைப்பாக. அது மேல பிரேக்கப் பிடிக்காதீங்க, அதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சுருங்க. மணலும் அப்பிடித்தான். வெள்ளை அடிக்காத வேகத்தடை நம்ம ரோட்டுல எங்கெங்க இருக்குன்னு பகல்ல ஒருக்காப் பாத்து வச்சுக்கங்க, ராத்திரி அது ஒங்களப் பாத்து வச்சிருக்கும்.

சட்டத்தப் பத்திச் சொன்னீகளே, 250 வாட்டுக்கு உள்பட்ட மோட்டாரு, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓடாது, அதனால லைசென்சு வேணாம், ரிஜிஸ்ட்ரேசன் வேணாம்னு. வாஸ்தவம். சட்டத்துக்கு இது சைக்கிள்தான். ஆனா தார் ரோட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது, மண்டைய மண்டையாத்தான் பாக்கும். ஹெல்மெட்டு போட்டா முடி கொட்டுதுன்னீங்க. கொட்டுறதுக்கு இன்னும் இருக்குறத நெனச்சா எனக்குச் சந்தோசம்தான். போட்டுக்கங்க. அப்பறம், எவனாச்சும் மெக்கானிக்கு வந்து, "சார், ஒரு வயரப் பிடுங்கி விட்டா நாப்பதுல பறக்கும்"பான். பறக்கும். பிடுங்குன நிமிசமே அது சட்டத்துக்கும் மோட்டார் வண்டியாப் போயிரும். லைசென்சு, இன்சூரன்சு, நம்பர் ப்ளேட்டு எதுவும் இல்லாம ஓட்டுன கணக்கு. எவனையாச்சும் இடிச்சா சொந்தக் காச எண்ணி வைக்கணும். எம் மக நகைய நான் சும்மா போடல.

சார்ஜ் விசயம் ரெண்டு வார்த்த. வெயில்ல ஓட்டிட்டு வந்த சூட்டோட ப்ளக்கச் சொருகாதீங்க, ஆற விடுங்க. வண்டியோட வந்த சார்ஜரு மட்டும். பக்கத்து வீட்டுச் சார்ஜர் பின்னு பொருந்துதுன்னு இரவல் வாங்குற வேலை வேணாம். பேட்டரி கீழ விழுந்து நசுங்குனாலோ, உப்புனாலோ, ஒரு மாதிரி வாடை வந்தாலோ அத நோண்டாம வெளிய வச்சுட்டு ஆளக் கூப்பிடுங்க. லித்தியம் தீப்பிடிச்சா லேசுல அடங்காது. வாட்டர் சர்வீசு கொடுத்துப் பீச்சியடிக்காதீங்க, ஈரத்துணி போதும். அப்பறம், என் கட்டிலுக்குக் கீழயும் வாசக்கதவுக்குப் பக்கத்துலயும் ராத்திரி பூரா சொருகி வைக்கக் கூடாது. மச்சினன் ரூமுல ப்ளக் இருக்கு, அங்க ஆளும் கெடையாது, மெத்தையும் கெடையாது. முழிச்சிருக்கும்போது போட்டு, முழிச்சிருக்கும்போதே எடுங்க. கரண்டு பில்லப் பத்திக் கவலப்படாதீங்க. முழுச் சார்ஜுக்கு அரை யூனிட்டு கூட ஆகாது, நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு கவர்மெண்டு குடுக்குது. மாமனார் சீர் செய்யலைன்னு இனிமே யாரும் சொல்லப்படாது.

காப்பியக் குடிங்க, ஆறுது. காலையில வெயிலுக்கு முன்ன மைதானத்துக்கு வந்துருங்க. காத்தடிக்கிற பம்ப நான் கொண்டாறேன், செங்கல்லும் ரெண்டு கொண்டாறேன். ஹெல்மெட்ட மட்டும் நீங்க கொண்டாந்தாப் போதும்.