சோறும் தூக்கமும்: சுற்றுப்பயண வாத்தியப் பாதுகாப்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

ஊர் ஊராகப் போகும் இசைக்குழுவின் வாத்தியங்கள் எந்த நேரத்தில் தொலைகின்றன? இசையியல் அறிஞர்கள் இந்தக் கேள்வியைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ராகத்துக்கு ஆரோகணம், அவரோகணம் வகுத்தவர்கள், கிட்டார் பெட்டி வேனில் ஏறி இறங்குவதற்கு இலக்கணம் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைப் போக்க ஒரு கருதுகோள்: மேடையில் இருக்கும்வரை வாத்தியம் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதற்குரியவர் சாப்பிடவோ தூங்கவோ போனதும் கைமாறிவிடுகிறது. ஆய்வு வசதிக்காக இதைச் 'சோறு–தூக்க விதி' என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தூக்கம். 1972 அக்டோபர் 10 இரவு, லண்டன் நாட்டிங் ஹில்லில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து இசைக்கலைஞர் பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டார் களவு போனது. 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய கிட்டார் அது. வேனுக்குப் பூட்டெல்லாம் போட்டுத்தான் இருந்தார்கள். பூட்டு விழித்திருக்கும் என்று நம்பி ஆட்கள் படுத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போய், 2024 பிப்ரவரியில்தான் கிட்டார் திரும்பக் கிடைத்த செய்தி வெளிவந்தது. அது ஒரு வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. 1995 அக்டோபரில் டென்வர் நகரில் ரேடியோஹெட் குழுவுக்கும் இதே கதி: ராத்திரி ஓட்டலுக்கு வெளியே நின்ற வண்டி, காலையில் இல்லை.

1999 ஜூலையில் கலிபோர்னியாவில் சோனிக் யூத் குழு இழந்தது ஒரு லாரி முழுக்கச் சாமான். இந்த வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர்களுடைய கிட்டார்களில் பல, விலை உயர்ந்தவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில பாட்டுகளுக்கென்றே கம்பி மாற்றி, வழக்கத்தில் இல்லாத சுருதியில் கூட்டி, உள்ளே கைவைத்துத் திருத்தப்பட்டது. கடையில் அதே மாடலை வாங்கி வந்தாலும் பழைய பாட்டு வராது. திருடியவனுக்கும் பெரிய லாபமில்லை; அந்தச் சுருதியில் அவனுக்குத் தெரிந்த எந்தப் பாட்டையும் வாசித்திருக்க முடியாது. சில கிட்டார்கள் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தன.

இனிச் சோறு. 2010 நவம்பரில், லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்து உணவுக்கடை ஒன்றில் வயலின் கலைஞர் மின்-ஜின் கிம் உட்கார்ந்திருந்தபோது, 1696இல் செய்யப்பட்ட அவரது ஸ்ட்ராடிவேரியஸ் வயலினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதிப்பு 12 லட்சம் பவுண்டு. திருடியவர்கள் அதை ஒரு பஸ் ஓட்டுநரிடம் 100 பவுண்டுக்கு விற்கப் பார்த்தார்கள். தன் மகளிடம் ஏற்கெனவே ஒரு குழல் இருக்கிறது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டாராம். வயலின் 2013இல் மீட்கப்பட்டது. சந்தை நிலவரம் தெரியாத திருடனைப் பற்றிப் பொருளியல் துறையினர் தனியே ஆராயட்டும்.

சாப்பாடும் தூக்கமும் இல்லாத வெறும் அசதியையும் விதியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1999 அக்டோபரில் செல்லோ மேதை யோ-யோ மா நியூயார்க்கில் டாக்சியை விட்டு இறங்கினார். 1733இல் செய்த அவருடைய செல்லோ டிக்கியிலேயே போய்விட்டது. ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கிற சாமான் அது, குடையில்லை. டாக்சிக்காரர் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்ததால் போலீஸ் அன்றே வண்டியைக் கண்டுபிடித்தது. 25 லட்சம் டாலர் சாமானை மறந்தவர் ரசீதை மறக்கவில்லை!

விதிக்கு மறுப்புகள் உண்டு. விமானத்தில் உரியவர் விழித்திருந்தும் பயனில்லை. கனடாப் பாடகரான டேவ் கேரல் 2008இல் யுனைடெட் விமானத்தில் போனபோது, சிக்காகோவில் சரக்கு ஏற்றுபவர்கள் கிட்டார்களைத் தூக்கி எறிவதைச் சக பயணிகள் சன்னல் வழியே பார்த்துச் சொன்னார்கள். அவருடைய டெய்லர் கிட்டார் உடைந்தது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர், 2009இல் அதையே பாட்டாகப் போட்டு உலகைச் சிரிக்கவைத்தார்.

நம்மூர்ச் சான்று கடம். மானாமதுரைக் கடத்தைத் திருடன் திருட மாட்டான். பையைத் திறந்தால் அவனுக்குத் தெரிவது பானை. ஆனால் சரக்கு ஏற்றுபவரின் ஒரு வீச்சுக்கு அது தாங்காது. சுட்ட மண்ணின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது என்பதால் பாடகருக்குப் பாடகர் வேறு வேறு கடம் தேவை. வித்வான் ஒன்றோடு கிளம்ப முடியாது. மடியில் வைக்க ஒன்றுதான் இடம். மற்றவற்றின் கதி கேள்விக்குறி.

தீர்வுகளுக்கு வருவோம். வேனின் பின்கதவு சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்த வேண்டும். பூட்டை உடைத்தாலும் கதவு திறக்க இடம் இருக்காது. கிட்டார் பெட்டி மல்லாக்க விழும்போது தலைப்பகுதி பின்னால் விசிறி, கழுத்து சேரும் இடத்தில் முறியும். ஆகவே தலைக்கு அடியில் துணி சுருட்டி அணை கொடுக்க வேண்டும். வரிசை எண்களைப் படம் எடுத்து வைக்க வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுத்தால் அதில் ஒவ்வொரு சாமானையும் எழுத வேண்டும். எழுதியது திரும்பி வராவிட்டால் சுங்கவரி கேட்பார்கள். திருட்டுக் கொடுத்தவர் வரியும் கொடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

மிச்சமிருக்கும் சிக்கல் ஒன்றுதான்: எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தால் வண்டியில் யார் இருப்பது? பார்சல் வாங்கி வேனிலேயே சாப்பிடலாம் என்ற யோசனை பரிசீலிக்கப்பட்டது. கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே சாம்பார் இறங்கினால் என்ன ஆகும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.