மணி அடித்ததும் தனிமை

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இயல்பிலேயே அதிகம் பேசாதவள். ஆறு பீரியட் முடிந்து வீட்டுக்குப் போனால் பெற்ற பிள்ளையிடம் பேசக்கூடத் தெம்பில்லை. வேறு வேலைக்குப் போய்விடட்டுமா?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: வேலையை விடாதீர்கள் டீச்சர், இடைவேளையைப் பிடியுங்கள்!

ஹார்வர்டில் உளவியல் கற்பித்த பிரையன் லிட்டில், வகுப்பில் பட்டாசாக வெடிப்பவர். ஆனால் தனிமை விரும்பி. கனடாவில் ஒரு ராணுவக் கல்லூரியில் காலையில் உரை, பிற்பகலிலும் உரை. நடுவில் விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்டார்! நேசிக்கும் வேலைக்காக நம் சுபாவத்தை மீறி நடிப்பது பொய்யல்ல என்கிறார் அவர். அந்த நடிப்புக்குப் பிறகு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் களைப்பும் அந்த நடிப்பின் களைப்புதான். திறமைக் குறைவு அல்ல.

இன்னொன்று. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குச் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது. வாயாடி ஆசிரியருக்கு அந்த 3 நொடி ஒரு யுகம். உங்களுக்கோ அது சொந்த வீடு. கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த மௌனம் எவ்வளவு பெரிய வரம்!

நாளை மதியம் சாப்பிட்டதும் காலியான ஆய்வகத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். யாராவது தேடி வந்தால், சோதனைக்குழாய் எண்ணுகிறேன் என்று சொல்லுங்கள்.