கேளாமல் உரைக்கப்படும் சிறப்புகள்: சென்னை வாடகை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்ப்போர் காலங்காலமாகக் குறைகளைத் துருவித் துருவியே களைத்துப்போகின்றனர். சுவரைத் தட்டுகின்றனர், குழாயைத் திருகுகின்றனர், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கின்றனர். இது வீண் உழைப்பு என்பது இவ்வாய்வாளரின் துணிபு. குறை இருக்கும் இடத்தை வீடு காட்ட வருபவரே சொல்லிவிடுகிறார். நாம்தான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வெல்லை

வடக்கே பெரம்பூர், தெற்கே மேடவாக்கம், மேற்கே போரூர், கிழக்கே கடல். சொந்த வீடு வாங்குவோரும் லீசுக்கு எடுப்போரும் விலக்கப்பட்டனர். அவர்தம் துயரம் தனி ஆய்வேட்டுக்குரியது. களப்பணிக்கு ஆடியும் மார்கழியும் உகந்தவை. அம்மாதங்களில் எவரும் பால் காய்ச்சிக் குடிபுகார் ஆதலின், டு-லெட் போர்டுகள் தொங்கிய இடத்திலேயே தொங்குகின்றன.

கருதுகோள்

யாரும் கேட்காமல் எந்தச் சிறப்பு முதலில் சொல்லப்படுகிறதோ, அவ்விடத்தில்தான் குறை உறைகிறது.

சான்றுகள்

அ. "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல சார்."
செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் தரை தெரிய வறண்ட 2019-ஐக் கண்ட ஊரில் இப்படிச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். ஆயினும் கூற்று பொய்யன்று. தண்ணீர் உண்டு, அது போர் தண்ணீர். ஷவரின் துளைகளில் வெள்ளை வெள்ளையாய் உப்பு கட்டியிருக்கும்; சோப்பு நுரைக்காது; பருப்பு வேகாது. மெட்ரோ வாட்டர் பற்றி வினவினால் "அதுவும் வரும்" என்பார். எப்போது என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆ. "இப்பத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சோம்."
வீடு முழுவதும் அடித்திருப்பின் அது பராமரிப்பு. பாத்ரூமை ஒட்டிய சுவரில் மட்டும், தரையிலிருந்து இடுப்பளவு மட்டும் அடித்திருப்பின் அது மறைப்பு. செங்கல் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். ஈரம் உலர்கையில் உப்பு வெளியே பூக்கும். பட்டி பார்த்துப் பெயிண்ட் பூசினால் அடுத்த மழைவரை தாங்கும். ஆகவே வீட்டைப் பிறர் காட்டும் பருவம் சித்திரை. வீடு தன்னைத்தானே காட்டிக்கொள்ளும் பருவம் ஐப்பசி.

இ. "இந்தத் தெருவுல மழைத்தண்ணி நிக்கவே நிக்காது."
2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இவ்வாக்கியம் நகரெங்கும் பரவியது. ஈண்டு உண்மையும் உண்டு: தெருவில் நிற்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் தெரு உயர்ந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எனவே தண்ணீர் தெருவில் நில்லாது உள்ளே வருகிறது. வாசலுக்குப் படியேறிப் போகிறோமா, இறங்கிப் போகிறோமா என்பதொன்றே போதிய சான்று.

ஈ. "ஓனர் தங்கமான மனுஷன்."
கீழ்வீட்டிலேயே இருக்கிறார் என்பது இதன் பொருள். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கும். கேட் இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். மின்வாரியம் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. சப்-மீட்டரைக் கடக்கையில் அந்த 100 யூனிட் காணாமற்போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை விழும். தங்கத்துக்கும் அப்படித்தான், சலுகை விலை கிடையாது.

மறுப்பும் விடையும்

"சிறப்பு எதுவுமே சொல்லப்படாத வீடு உண்டாயின் யாது செய்வது?" என்பர் மறுப்பாளர். அத்தகைய வீடு உண்டு. "நேத்தே முடிஞ்சிடுச்சு சார், போர்டை எடுக்க மறந்துட்டோம்" என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். குறையற்ற வீட்டை இதுவரை எவரும் உள்ளே சென்று பார்த்ததில்லை.

அட்வான்ஸ் பற்றிய குறிப்பு

2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. சென்னையின் பழைய வழக்கம் பத்து மாதம். அந்த விதிவிலக்குக்குள் மீதி ஏழு மாதமும் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. ஓனர் ஏன் இவ்வளவு கேட்கிறார் என்ற வினாவுக்கு விடை, ஆய்வின் இறுதிக் கட்டத்தில் எதிர்பாராமல் கிட்டியது.

கருதுகோளின் விரிவு

வீடு பிடித்துப்போய் ஓனர் எதிரே நாற்காலி நுனியில் அமர்ந்ததும், வீடு தேடி வந்தவர் பேசத் தொடங்குகிறார். "நாங்க ரெண்டே பேர்தான் சார்." "விருந்தாளின்னு யாரும் வர மாட்டாங்க." "வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துடும்." "சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டோம்."

இவற்றுள் ஒன்றையும் ஓனர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறார். அவர் இத்துறையில் நம்மினும் மூத்தவர். பல குடித்தனங்களைக் களமாகக் கொண்டவர். ஊரிலிருந்து வரப்போகும் மாமியார், மைத்துனர், அவர்தம் மக்கள், பதினைந்தாம் தேதி வாடகை, காலண்டர் ஆணி, கடிகார ஆணி, கல்யாணப் போட்டோ ஆணி யாவும் அவருக்கு அக்கணமே புலனாகிவிடுகின்றன. பத்து மாத அட்வான்ஸ் என்பது அவர் வந்தடைந்த ஆய்வு முடிபு.

முடிவுரையும் பரிந்துரையும்

கருதுகோள் இருதரப்பிலும் நிறுவப்பட்டது. பதினொரு மாத ஒப்பந்தம் என்பது இரு ஆய்வாளர்களும் ஒருவர் முடிபை ஒருவர் ஏற்றுக் கையெழுத்திடும் ஆவணமே. இனி வீடு பார்க்கச் செல்வோர் புரோக்கர் சொல்வதனைத்தையும் எழுதிக்கொள்க. தாமாக எதையும் மொழியாதிருக்க. குறிப்பாக, ஓனரே கேட்கும்வரை ஆணி என்ற பேச்சையே எடுக்கலாகாது.