ரெண்டரியல்

ரெண்டர் என்பது யாதோவெனின், எடிட்டர் வெட்டி ஒட்டி வைத்ததைக் கணினி ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்கிட்டு எழுதுதல். அது முன்னோட்ட ரெண்டர், இறுதி ரெண்டர் என இருவகைப்படும். முன்னது டைம்லைன் திக்காமல் ஓடுதற் பொருட்டு. பிரீமியர் புரோவில் டைம்லைன் தலைமேல் கோடு சிவந்திருந்தால் ரெண்டர் வேண்டும், மஞ்சளாயின் பெரும்பாலும் வேண்டா, பச்சையாயின் முடிந்தது. கல்யாண வீடியோ எடிட்டர்கள் சிவப்பிலேயே காலம் தள்ளுபவர்கள் ஆதலின் இதை விரித்திலம்.

இறுதி ரெண்டரை எச்.264 (2003), எச்.265 (2013) எனக் கோடெக்கால் பகுப்பாரும் உளர். அது கம்பெனிக்காரர் வழக்கு. ஸ்டூடியோ வழக்கில் ரெண்டர் எங்கே நிற்கிறதோ அதனால் பெயர் பெறும்.

முதனிலை, தொடக்கத்திலேயே நிற்பது. புட்டேஜ் இருந்த ஹார்ட் டிஸ்க்கை யாரேனும் கழற்றிப் போயிருப்பர். இடைநிலை, பாதியில் நிற்பது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அவ்விடத்துக் கிளிப்போ எஃபெக்டோ குற்றவாளி. தாலி கட்டும் ஷாட்டின்மேல் நாலடுக்குப் பூமழை பொழிந்து ஸ்லோமோஷனும் வைத்தவர்க்கு அவ்விடத்தைத் தேடும் வேலை இல்லை.

இனிக் கடைநிலை. இது 99 சதவீதத்தில் நிற்பது, ஆராய்ச்சிக்குரியது இதுவே. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் ஒரு மணி நேரப் படத்துக்கு 90,000 ஃபிரேம். அத்தனையும் எழுதியான பின்னும், எந்த ஃபிரேம் எங்கே கிடக்கிறது என்னும் அட்டவணையை எம்பி4 கோப்புக்குள் எழுதியாக வேண்டும். வழக்கமாக அது கடைசியில்தான் எழுதப்படும். அதற்குள் கரண்ட் போனால், ஃபோல்டரில் கோப்பு இருக்கும், பெயர் இருக்கும், பல ஜிபி எடை இருக்கும். எந்தப் பிளேயரிலும் திறக்காது. அட்டவணையை முன்னால் வைக்கச் சொல்லியிருந்தாலோ, எழுதியதையெல்லாம் நகர்த்தி மறுபடி எழுதும் வேலையும் சேர்ந்துகொள்ளும். முன்னேற்றம் காட்டும் கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது 99 என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

இந்நேரம் பெண்ணின் அப்பா போன் செய்வது மரபு.

“தம்பி, முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சுங்கய்யா, காப்பிதான் போட்டுட்டிருக்கேன்.”

இதைப் பொய் என்பார் இலக்கணம் அறியாதார். இது விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாய் வந்த காலவழுவமைதி. காப்பி என்றது மட்டும் பொய்.

புறனடை: 100 தொட்டும் முடியாதது ஒன்றுண்டு. படம் தெளிவாக வரட்டும் என்று பிட்ரேட்டை 50 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. டிவியில் போட்டுப் பார்க்கப் பெண் வீட்டார் கொடுத்த 32 ஜிபி பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபேட்32இல் ஃபார்மேட் செய்தது, ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி, உள்ளே போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து ரெண்டர். இவ்வகைக்கு ஸ்டூடியோக்களில் பெயர் உண்டு, அச்சிடத் தகாது.